வரைபடத்தில் மரத்துக்கும் இடம்



நொய்யல் பாயும் சாமளாபுரத்தில் தறிச்சத்தம் ஓய்வதில்லை. தறிக்கூடம், அகலச் சாலை, வீட்டுமனை எல்லாமே ஊருக்கு வேண்டியவைதான். ஆனால் இவற்றுக்காக முதலில் சாய்வது சாலையோரப் புளியும் வேம்பும்.

பொது இடத்து மரத்தை நினைத்தவுடன் வெட்டிவிட முடியாது. 2021-இல் தமிழக அரசு மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு அமைத்தது. அனுமதி தருவது அந்தக் குழுதான். உங்கள் தெருவில் கோடரி விழுந்தால், அனுமதி இருக்கிறதா என்று தாராளமாகக் கேளுங்கள்.

வெட்டித்தான் ஆக வேண்டுமா? ஆலும் அரசும் கிளை கழித்து, வேர்மண்ணோடு பெயர்த்து நட்டால் பெரும்பாலும் துளிர்க்கும். புதுக் கன்றுகளும் நடலாம். 2015-இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கம் லட்சக்கணக்கான கன்றுகளை நட்டிருக்கிறது. ஆனாலும் இன்று நடும் கன்று நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும். கோடை அதுவரை காத்திருக்காது.

ஆகவே கட்டடம் கட்டுவோரே, வரைபடம் போடும் முன்பே மனையில் நிற்கும் மரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரைச் சில அடி தள்ளிக் கட்டலாம். ஐம்பது வயது வேம்பை ஐம்பது ஆண்டுக்குக் குறைவான காலத்தில் யாராலும் உருவாக்க முடியாது.