எம்டனின் தளபதி



“அவன் சரியான எம்டன்டா” என்று சொல்லாத தெரு நம் ஊரில் உண்டா? ஒரு ஜெர்மன் கப்பலின் பெயர் நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. அந்தக் கப்பலை நடத்தியவரின் பெயர் மட்டும் நம் நாவில் நிற்கவில்லை. கார்ல் ஃபான் முல்லர். இன்றைய சொற்பொழிவு அவரைப் பற்றியது.

1873இல் ஹனோவரில் பிறந்தவர். இளமையில் கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றியபோது தொற்றிய மலேரியா கடைசிவரை விடவில்லை. 1913இல் எம்டனின் தளபதியானார். அதிகம் பேசாத மனிதர்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டதும், ஒரு கப்பலைத் தனியாக இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பலாம் என்று தம் அட்மிரலிடம் யோசனை சொன்னவர் இவரே. அனுமதி கிடைத்தது. மூன்று புகைபோக்கிகள் கொண்ட எம்டனில் நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்தினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல் போலவே இருக்கும். வங்காள விரிகுடாவில் கப்பல் பின் கப்பலாகச் சிக்கின.

அவருடைய குணம் தெரிவது இந்த இடத்தில்தான். பிடிபட்ட வணிகக் கப்பலின் மாலுமிகளை இறக்கிய பிறகே அதை மூழ்கடிப்பார். ‘கபிங்கா’ என்ற கப்பலை மூழ்கடிக்காமல், கைதிகள் அனைவரையும் அதில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பிவைத்தார். புறப்படும்போது அந்தக் கைதிகள் எம்டனை நோக்கி மும்முறை வாழ்த்தொலி எழுப்பினார்கள். தங்கள் கப்பல்களைப் பறித்தவருக்குத்தான் அந்த வாழ்த்து!

1914 செப்டம்பர் 22. இரவு ஒன்பது மணியைத் தாண்டிய நேரம். சென்னையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. துறைமுகத்தருகே பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள்மீது எம்டனின் தேடுவிளக்கு விழுந்தது. ஏறக்குறைய 130 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. குறைந்தது ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அந்த உயிர்களை நான் மறைத்துப் பேச மாட்டேன். அடுத்த நாட்களில் ஊரே மூட்டை கட்டியது. எம்டன் என்ற சொல் நமக்கு வந்தது அந்தப் பீதியிலிருந்துதான்.

அக்டோபர் 28இல் பினாங்குத் துறைமுகத்தில் ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தார். வெளியேறும்போது எதிர்ப்பட்ட பிரெஞ்சுக் கப்பலையும் வீழ்த்தினார். ஆனால் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் அங்கேயே நின்று, தண்ணீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகளைத் தூக்கி எடுத்தார்.

நவம்பர் 9, கோக்கோஸ் தீவு. தந்தி நிலையத்தை அழிக்க ஐம்பது பேரைக் கரையிறக்கினார். அதற்குள் அந்த நிலையம் அபயக்குரல் அனுப்பிவிட்டது. ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ வந்தது. அதன் பீரங்கிகள் பெரியவை. நொறுங்கிய கப்பலைப் பவளத்திட்டில் ஏற்றி நிறுத்தினார். கொடி இறக்கப்படாமல் பறந்ததால் பிற்பகலில் ‘சிட்னி’ மீண்டும் சுட்டது. அந்தக் கொடியை அவர் முன்பே இறக்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அன்று எம்டனில் மாண்டவர்கள் 130க்கும் மேல்.

மால்டாவிலும் இங்கிலாந்திலும் கைதியாக இருந்தார். 1918இல் நாடு திரும்பினார். எம்டன் கதையை எழுதச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டார்கள். இறந்த தோழர்களின் இரத்தத்தில் காசு பார்ப்பதாக மனம் உறுத்துகிறது என்று மறுத்துவிட்டார். 1923இல், ஐம்பது வயது நிறையும் முன்பே மறைந்தார்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்னை உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் அந்த இரவின் நினைவுக் கல் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் நின்று படித்துவிட்டு வாருங்கள்.