வாங்கும் வாங்கு



பழைய வாங்கு ஒன்றை வீட்டுக்கோ தோட்டத்துக்கோ தெரிந்தெடுப்பது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சு. தமிழகத்தார் இதனை விசுப்பலகை என்பர், பெஞ்சு என்பர். ஈழத்தில் நாம் வாங்கு என்போம். காசு கொடுத்து வாங்கும் வாங்கு அன்று இது. போர்த்துக்கேயரின் 'பாங்கோ' என்னும் சொல் நம் நாவில் வாங்காயிற்று. மேசை, கதிரை, அலுமாரி ஆகியனவும் அவர் வழி வந்த சொற்களே.

மூதூரை அணைந்து கிடக்கும் கொட்டியாரக் குடாவுக்கு இதிலொரு தொடர்புண்டு. 1660-ஆம் ஆண்டு அக்குடாக் கரையில் ரொபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞர் தம் தந்தையாருடன் கண்டியரசன் ஆட்களிடம் சிறைப்பட்டார். ஏறத்தாழ இருபதாண்டின் பின் தப்பிச்சென்று, 1681-இல் இலண்டனில் நூலொன்றை வெளியிட்டார். முதுகு சாய்க்கும் ஆசனத்தில் அரசன் ஒருவனே அமரலாம், குடிகளின் ஆசனத்துக்குச் சாய்ப்பு இருத்தல் ஆகாது என்னும் கண்டி வழக்கத்தை அந்நூல் தெரிவிக்கின்றது. இன்று விறாந்தையிற் சாய்ந்திருந்து வெற்றிலை போடும் நம்மவர், அரசனுக்கே உரியதாயிருந்த சுகத்தையன்றோ அனுபவிக்கின்றனர்!

இனி மரத்துக்கு வருவோம். திருக்கோணமலைக் காடுகள் முதிரைக்கும் பாலைக்கும் பேர்போனவை. சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் சாவண்டலை, உலகச் சந்தையில் 'திருக்கோணமலை மரம்' என்றே பெயர் பெற்றது. சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்கும் அது பயன்பட்டது. முதிரை பொன்மஞ்சள் நிறமும் பட்டுப்போன்ற மினுக்கமும் உடையது. விறாந்தைக்கு அதுவே அழகு. தோட்டத்துக்கெனின் பாலையைத் தேடுங்கள். செந்நிறமான அம்மரம் மழைக்கும் வெயிலுக்கும் எளிதில் அசையாது. பிரம்பு பின்னிய வாங்கை மட்டும் வெளியில் விடவேண்டா. ஒரு மாரி போதும், பின்னல் தளர்ந்துவிடும்.

வாங்கைப் பார்க்கப் போனால் முதலிற் கவிழ்த்துப் பாருங்கள். மேற்புறம் மெருகு பூசி ஏமாற்றலாம். அடிப்புறத்தை மெருகிடுவார் அரியர். பழைய தச்சன் காலின் நுனியைச் செதுக்கிப் பலகைத் துளையிற் செருகி மரவாணி அறைந்திருப்பான். கடற்காற்று வீசும் ஊரில் இரும்பாணி துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் கறுப்பாக்கும். சிறு துளைகள் தென்பட்டால் தட்டிப் பாருங்கள். புதிய மாப்போற் பொடி உதிர்ந்தால் வண்டு உள்ளே உயிரோடிருக்கிறது. நானும் ஒருகால் பச்சை வர்ணம் பூசிய வாங்கொன்றை நல்ல விலை கொடுத்துக் கொண்டுவந்தேன். சுரண்டிய பின்னரன்றோ தெரிந்தது, பாதிக்கு மேல் மக்கு அடைத்த பலகை என்பது! அன்று தொட்டு வர்ணம் பூசிய வாங்கிடம் எனக்கு நம்பிக்கையில்லை.

இவற்றினும் பெரிய கேள்வி ஒன்றுண்டு: இது யார் வீட்டு வாங்கு? 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் போருக்கஞ்சி வீடுவாசலை விட்டுக் கந்தளாய்ப் பக்கம் நடந்தனர். அத்தகைய நாட்களில் ஆளில்லா வீடுகளின் பொருள்கள் கைமாறுவது எங்கும் நடப்பதே. ஆகவே விற்பவரிடம் வீட்டையும் குடும்பத்தையும் விசாரியுங்கள். மறுமொழி மழுப்பலாயின், மரம் எத்துணைச் சிறந்ததாயினும் விட்டுவிடுங்கள். சொந்தக்காரரே தேவைக்காக விற்கிறாராயின், அவர் இக்கட்டை நினைத்து விலையை அடிக்கவேண்டா.

வீடு வந்தபின் உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் புதிதாக்க முயலாதீர்கள். தலைமுறையாய் அமர்ந்தோரின் கைபட்டுப் படிந்த மினுக்கம் ஒரு நாளிற் போய்விடும். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்தபின் தேன்மெழுகைச் சிறிது தடவினால் போதும். தோட்டத்தில் வைப்போர் ஒவ்வொரு காலின் கீழும் ஒரு தட்டைக்கல் இடுக. கறையான் கல்லின்மேல் மண்வழி கட்டியே ஏறவேண்டும். காலையில் தண்ணீர் ஊற்றப் போகும்போது அது கண்ணிற் பட்டுவிடும்.