பல் பிடுங்கப் போகும் பிள்ளை

இரணைமடுக் குளத்து நீர் வாய்க்கால் வழியே வந்து பாயும் வட்டக்கச்சியில், வயலோரத்து வளவொன்றை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவரலாம். ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி கன்னத்தைக் கையில் ஏந்தியபடி திண்ணையில் அமர்ந்திருக்கிறாள். கீழ்க் கொடுப்புப் பல் ஒன்று சூத்தையாகி, மூன்று இரவுகளாக வீட்டில் எவரையும் உறங்க விடவில்லை. அம்மம்மா கராம்பை நசித்து வைத்துப் பார்த்தார். உப்புநீரில் கொப்பளிக்கச் செய்தார். நோ சற்றே தணிந்து, பின்னர் முன்னிலும் மிகுந்து வந்தது. பாடசாலைப் பற்சிகிச்சையாளர் பார்த்துவிட்டு, இதனை அடைத்துக் காப்பாற்ற இயலாது, பிடுங்கத்தான் வேண்டும் என்று துண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அன்று மாலை பிள்ளை கேட்கும் முதற் கேள்வி: “நோகுமோ அம்மா?”

இந்தக் கேள்விக்கு வீட்டார் அளிக்கும் விடையிலேயே மறுநாட் காரியம் பெரும்பாலும் தங்கியிருக்கிறது. வழக்கமான விடையை எல்லாரும் அறிவர். “ஒண்டும் செய்யமாட்டினம் குஞ்சு, சும்மா பாத்துப்போட்டு விட்டிடுவினம்.” அன்பினாற் சொல்லப்படும் பொய்தான். ஆனால் அந்தப் பொய்யின் ஆயுள் ஒரு நாளேனும் இல்லை. சிகிச்சைக் கதிரையில் ஊசியைக் கண்ட மாத்திரத்தில் அது உடைந்துபோகிறது. அப்போது பிள்ளை ஊசிக்கு மட்டும் அஞ்சுவதில்லை. அம்மா சொன்னது பொய்யானால் இனி எதை நம்புவது என்ற பேரச்சமும் சேர்ந்துகொள்கிறது. அதன்பின் வாயைத் திறப்பிக்க நாலு பேர் வேண்டியிருக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. “சாப்பிடாவிட்டால் பல்லு டொக்டரிடம் கொண்டுபோய் ஊசி போடுவிப்பேன்” என்று நாள்தோறும் வெருட்டுவோர் பலர். இவ்வாறு ஆண்டுக்கணக்காக அரக்கனாக்கி வைத்த ஒருவரிடம், ஒருநாட் காலையில் வாயைத் திறந்து காட்டு என்றால், பிள்ளை எவ்வாறு காட்டும்?

பெரியவர்களைக் குறை கூறுவதும் முழு நியாயமாகாது. அச்சம் அவர்களுக்கும் பழைய சொத்து. பல் பிடுங்குதல் என்பது மனித வரலாற்றின் மிகப் பெரும் பகுதியில் மயக்கமும் விறைப்பும் இன்றி நிகழ்ந்த காரியம். 1844 திசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரத்துப் பல் வைத்தியர் ஹொரஸ் வெல்ஸ், நைத்திரசு ஒட்சைட்டு வாயுவை உட்கொண்டு தம் சொந்தப் பல்லையே பிடுங்கச் செய்து பார்த்தார். மற்றொரு பல் வைத்தியரான வில்லியம் மோர்ட்டன் 1846 ஒக்டோபரில் பொஸ்டன் நகரில் ஈதரின் வலிமையைப் பலர் முன்னிலையிற் காட்டினார். அறுவைச் சிகிச்சை உலகம் முழுவதற்கும் பயன்பட்ட மயக்க மருந்துகளின் வரலாற்றில் பல் வைத்தியர் இருவர் முன்நிற்பது தற்செயலன்று. பல்நோவாளியின் அலறலை அவர்கள் நாள்தோறும் கேட்டவர்கள். இன்று முரசில் ஏற்றப்படும் லிக்னோகெயின் என்னும் விறைப்பு மருந்தோ 1943இல் சுவீடனில் ஆக்கப்பட்டது. நெடிய வரலாற்றில் அது நேற்றுத்தான்.

வன்னி மக்களுக்கு இதனினும் அண்மையான நினைவுகள் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மருந்துகள் அரிதாயிருந்தன. 2008இன் இறுதியிலும் 2009இன் தொடக்கத்திலும் வட்டக்கச்சி உட்படக் கிளிநொச்சி மாவட்ட மக்கள் முழுவதும் இடம்பெயர்ந்து அலைந்தனர். அந்நாட்களில் பதினான்கு பதினைந்து வயதினராய் இருந்த பெண்களே இன்று ஏழு வயதுப் பிள்ளைகளின் தாய்மார். தறப்பாளின் கீழ் இருந்த நாட்களிற் பல்நோவு கண்டு, கையையும் காலையும் பிறர் அழுத்திப் பிடிக்கப் பல்லைக் கொடுத்த தாயொருத்திக்குக் குறட்டின் நினைவு வந்தாலே உடல் நடுங்கும். அவள் வாய் “பயமில்லை” என்று சொன்னாலும், பிள்ளையைப் பற்றியிருக்கும் கை வேறொன்றைச் சொல்லிவிடும். பிள்ளைகள் சொல்லைவிடக் கையைத்தான் நம்புவார்கள். அத்தகைய தாய், அன்றைய நாளுக்கு மட்டும் பிள்ளையைத் தகப்பனிடமோ சின்னம்மாவிடமோ ஒப்படைத்துவிட்டு வெளி வாங்கில் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி, அந்தக் கேள்விக்கு வருவோருக்கு உதவும் விடை யாது? உண்மையை, பிள்ளை தாங்கும் அளவுக்குச் சிறிய துண்டுகளாக்கிச் சொல்வதே. “முதலிலை ஒரு ஊசி. எறும்பு கடிச்ச மாதிரிக் கொஞ்ச நேரம் நோகும். பிறகு சொண்டும் கன்னமும் விறைச்சுத் தடிச்ச மாதிரி இருக்கும். பிறகு பல்லை அழுத்தி ஆட்டுவினம். ‘கறுக்’ எண்டு சத்தம் கேட்கும். அதோடை முடிஞ்சுது.” இவ்வளவும் போதும். இரத்தத்தைப் பற்றியும் குறட்டைப் பற்றியும் பிள்ளை கேளாமல் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லி ஏழிரவு அஞ்சச் செய்வதும் தவறு. முதல்நாள் மாலை சொல்வது இவ்வயதினருக்கு ஏற்றது.

இவ்விடையில் அழுத்துதலைப் பற்றிய பகுதி மிக முக்கியமானது. பெரும்பாலோர் விட்டுவிடுவதும் அதுவே. விறைப்பு மருந்து நோவைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகளை அடக்குகிறது. அழுத்தத்தை உணரும் ஆற்றல் ஓரளவு எஞ்சியே இருக்கும். வைத்தியர் அழுத்தும்போது பிள்ளை “நோகுது” என்று கத்துவது பலமுறை இதனாலேதான். வீட்டிலேயே இதனைக் கற்பித்துவிடலாம். பிள்ளையின் புயத்தைப் பெருவிரலால் நன்றாக அழுத்தி, “இது அழுத்தம்” என்க. பின்னர் மெல்லக் கிள்ளி, “இது நோ” என்க. நாளைக்கு அழுத்தம் இருக்கும்; கிள்ளுவது போன்ற நோ வந்தால் இடக்கையைத் தூக்கு, நிறுத்துவார்கள் என்று சொல்லலாம். கை தூக்கினால் நிறுத்துவதற்குச் சிகிச்சையாளரிடமும் முன்னரே சொல்லி இசைவு பெறவேண்டும். தூக்கியும் நிறுத்தாவிடில், அதுவும் பொய்யாகிவிடும்.

மற்றொன்று, நாட்கடத்தாமை. முரசு வீங்கிச் சீழ் கட்டிய இடத்தில் விறைப்பு மருந்து சரியாக வேலை செய்வதில்லை. அழற்சியுற்ற தசையின் புளிப்புத்தன்மை அதன் வலுவைக் குறைத்துவிடுகிறது. “பாற்பல்தானே, தானாக விழும்” என்று மாதக்கணக்கிற் பொறுத்திருந்து, முகம் வீங்கிய பின் கொண்டுசெல்லும் பிள்ளைக்கே நோவு அதிகம். வீக்கத்தோடு காய்ச்சலும், விழுங்கவோ வாய் திறக்கவோ இயலாமையும் கண்டால், நாள் பார்த்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னே முளைக்கும் கொடுப்புப் பல்லை இன்னும் பலர் பாற்பல் என்றே எண்ணியிருக்கிறார்கள். அது விழுந்து முளைப்பதன்று. வாழ்நாள் முழுவதற்குமான பல்.

இலங்கையிற் பாடசாலைப் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதற்கெனத் தனிச் சேவை உண்டு. 1921இல் நியூசிலாந்து தொடக்கிய முறையைப் பின்பற்றி, 1950களில் அந்நாட்டின் உதவியோடு மகரகமவிற் பயிற்சிக் கூடம் அமைந்தது. அங்கு பயின்று வருவோர் பிள்ளைகளோடு பழகுதலையும் கற்றவர்கள். ஆதலால், கதிரையில் ஏறிய பின் பேச்சை அவர்களிடம் விட்டுவிடுவது நன்று. தாய் ஒரு புறமும், தகப்பன் மறு புறமும், சிகிச்சையாளர் நடுவிலுமாக மூன்று குரல்கள் ஒரே வேளையிற் கட்டளையிட்டால் பிள்ளை எதற்குக் கீழ்ப்படியும்? இருதய நோய், இழுப்பு, இரத்தம் எளிதில் உறையாமை, மருந்து ஒவ்வாமை முதலியன இருப்பின், அவற்றை மட்டும் முன்கூட்டியே பெற்றோர் சொல்லிவிடவேண்டும். விறைப்பு ஊசி மட்டுமே எனின் வெறுவயிறு தேவையில்லை. இலேசாக உண்டு செல்வதே நல்லது.

பிள்ளை அழுதால்? அழட்டும். அழுகை தோல்வியன்று. வாயைத் திறந்துகொண்டே அழும் பிள்ளை தன் பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. “அயல்வீட்டுப் பெடியன் அழவேயில்லை” என்பது அவ்விடத்திற் சொல்லக்கூடாத வார்த்தை.

பல் வந்தபின், வைத்தியர் கொடுக்கும் பஞ்சுத்துணியை இருபது முப்பது நிமிடம் இறுகக் கடித்திருக்க வேண்டும். அன்று முழுவதும் வாய் கொப்பளித்தலும், குழாயால் உறிஞ்சிக் குடித்தலும் ஆகா. குழியில் உறைந்த இரத்தக் கட்டி பெயர்ந்துவிடும். இரண்டு மூன்று மணி நேரம் சொண்டு விறைத்திருக்கையில், பிள்ளை அதனை விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வதுண்டு, கண்காணிப்பு வேண்டும். விறைப்புத் தீர்ந்ததும் ஆறிய கஞ்சியோ, பாலில் ஊறிய இடியப்பமோ கொடுக்கலாம். நோவுக்குப் பரசிற்றமோல், நிறைக்கேற்ற அளவில். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கூடவே கூடாது. துணியை மாற்றிக் கடித்தும் இரத்தம் நில்லாவிடில் திரும்பச் செல்லவேண்டும்.

பிடுங்கிய பல்லைக் கேட்டு வாங்கிக் கொடுத்தால் பிள்ளைக்கு அது பெருஞ் செல்வம். அதைக் கூரைமேல் எறிந்து, புதுப்பல் தருமாறு அணிலிடம் கேட்கச் சொல்லி அம்மம்மா அழைத்துப் போவார். வட்டக்கச்சி வளவில் அணிலுக்குப் பஞ்சமில்லை.

மாலையில், ஐந்து வயதுத் தம்பி அக்காவின் வாயை அண்ணாந்து பார்த்துக் கேட்கிறான்: “நோகுமோ?”

சிறுமி சற்றே யோசிக்கிறாள். வீங்கிய சொண்டோடு, மெல்லச் சொல்கிறாள்: “ஊசி நோகும். மற்றது அழுத்தம்தான்.” பின்னர் அவனது புயத்தைப் பிடித்துப் பெருவிரலால் அழுத்திக் காட்டுகிறாள்.