வால்வெள்ளி கண்ட வைணு பாப்பு
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

வானத்தைப் பார்ப்பது நமது கரைக்குப் புதிதன்று. இரவில் கடலுக்குச் செல்வோர் வெள்ளிகளைப் பார்த்துத் திசை அறிவர். கல்முனையில் நம் முஸ்லிம் சகோதரர்கள் பிறை பார்த்து நோன்பு தொடங்குவர். நாமும் அமாவாசையைக் கணித்தே விரதம் நோற்கிறோம். எல்லோரும் பார்க்கும் அந்த வானத்திலே, எவரும் காணாத ஒன்றைக் கண்டவர் வைணு பாப்பு.

அவர் 1927 ஆகஸ்ட் 10இல் சென்னையிற் பிறந்தார். தந்தையார் ஹைதராபாத் நிஜாமியா வானாய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். 1949இல் பாப்பு அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகஞ் சென்றார். அவ்வாண்டு ஜூலையில் எடுத்த ஒளிப்படத் தட்டொன்றிலே புதிய வால்வெள்ளி ஒன்று தென்பட்டது. ஆசிரியர் பொக், சக மாணவர் நியூகர்க் ஆகியோர் பெயருடன் அது பாப்பு-பொக்-நியூகர்க் எனப் பெயர் பெற்றது. அப்போது பாப்புவுக்கு வயது 21.

இவ்வேலை எவ்வாறு நடைபெறுகிறது? ஒரே வானப் பகுதியை வெவ்வேறு வேளைகளிற் படம்பிடித்து ஒப்பிடுவர். நட்சத்திரங்கள் நின்ற இடத்தில் நிற்கும். வால்வெள்ளியும் சிறுகோளும் நகர்ந்திருக்கும். மங்கலான அப்புள்ளியைத் தட்டிலுள்ள கறையென்று தள்ளிவிட்டால் கண்டுபிடிப்பே இல்லை. கண்டபின்னும் பல இரவுகள் அளந்தே அதன் பாதையைக் கணிப்பர். இன்று கணினி துணை செய்கிறது. பொறுமை மனிதனிடமே உள்ளது.

பாப்பு 1953இல் தாயகந் திரும்பினார். 1960இல் கோடைக்கானல் வானாய்வுக்கூடத்தின் தலைமையை ஏற்றார். தெளிந்த வானம் தேடி, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1968இல் சிறிய தொலைகாட்டி ஒன்றை நிறுவினார். நாம் காவலூர் என்றும் அழைக்கும் ஊர்காவற்றுறை வேறு. இது தமிழ்நாட்டு மலையூர். பின்னர் 2.34 மீற்றர் விட்டமுள்ள பெருந்தொலைகாட்டியை இந்தியாவிலேயே செய்ய முற்பட்டார். அது நிறைவேறுமுன், 1982இல், மியூனிக் நகரிற் காலமானார். 1986இல் திறக்கப்பட்ட அத்தொலைகாட்டி அவர் பெயரையே தாங்குகிறது.

மேலுங் கேளுங்கள். சென்னை வானாய்வுக்கூடத்திலிருந்து பொக்சன் என்பார் 1861 முதல் 1885 வரை ஐந்து சிறுகோள்களைக் கண்டார். அதன்பின் இந்திய மண்ணில் நெடுங்கால மௌனம். 1988 பெப்ரவரியிலே காவலூரில் இராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டார். அதற்குக் கணிதமேதை இராமானுஜன் பெயர் சூட்டப்பெற்றது. வால்வெள்ளியைக் கண்டது பாப்புவின் இளமைப் புகழ். பிறர் காண்பதற்கு இடம் அமைத்ததே அவர் வாழ்வின் பெரும்பணி.

காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளும் விஞ்ஞானம் கற்றவரே. கற்றதை ஊருக்களித்த அப்பெரியார் மண்ணில் வாழும் நாம் என்ன செய்யப்போகிறோம்? நம் இளைஞர் பலர் கடல் கடந்து செல்கின்றனர். சென்ற இடத்திற் சிறப்பது நன்று. பின்வருவோருக்கு ஊரில் ஓர் இடம் அமைப்பது அதனினும் நன்று. இம்மன்றம் சிறு தொலைகாட்டி ஒன்றை வாங்கட்டும். நிலவில்லா இரவுகளிற் கடற்கரையில் அதை வைப்போம். அயலூர் முஸ்லிம் பிள்ளைகளையும் அழைப்போம். பெரியோர்களே, பிள்ளைகள் ஓரிரு மணிநேரம் விழித்திருக்க அனுமதி தாருங்கள். அவர்களுள் ஒருவர் நாளை அந்த நகரும் புள்ளியைக் காணக்கூடும்.