வேலியோரக் கள்ளியும் நம்ம அடுப்பும்

(நல்லம்பள்ளியில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

இன்னைக்கு கடன், வட்டி பேசப் போறதில்லை. நம்ம வேலியிலயும் கரட்டுலயும் தண்ணி ஊத்தாமலே வளர்ற சதைப்பற்றான செடிகளைப் பத்திப் பேசப் போறேன். 1989-ல் நம்ம தருமபுரி மாவட்டத்துலதான் தமிழ்நாட்டு மகளிர் குழுத் திட்டம் ஆரம்பிச்சது. அந்தக் காலத்துல இந்தச் செடிகளை அடையாளம் சொல்ற கிழவிங்க தெருவுக்கு ரெண்டு பேர் இருந்தாங்க. இப்ப தேட வேண்டியிருக்கு.

முதல்ல கள்ளிமுளையான். முட்புதர் அடியில, விரல் கனத்துல, நாலு பட்டையா, இலையே இல்லாம நிக்கும். ஆடு மேய்க்கிறவங்க பசிக்கும் தாகத்துக்கும் பச்சையா மென்னு தின்பாங்க. லேசா கசக்கும். புளி, மிளகாய் வெச்சு துவையலும் அரைக்கலாம். இதோட சாற்றை பெங்களூருவில் 50 பேரை ரெண்டு பிரிவா வெச்சு, ஒரு பிரிவுக்கு தினம் 1 கிராம் வீதம் 60 நாள் கொடுத்துப் பார்த்தாங்க. 2007-ல் முடிவு வந்தது. பசி குறைஞ்சது, இடுப்புச் சுற்றளவும் குறைஞ்சது. ஆனா எடையில ரெண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதை மறைச்சுட்டு "உடம்பு இளைக்கும்"னு மாத்திரை விக்கிறாங்க. நம்பி ஏமாறாதீங்க. சர்க்கரை உள்ளவங்களும் இதைத் தின்னுட்டு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது.

இன்னொரு முக்கியமான விஷயம். சதுரக்கள்ளிக் குருத்தும் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும். கிள்ளினா பால் வடியும். கள்ளிமுளையானில் தண்ணி மாதிரி சாறுதான் வரும். பால் வந்தா தொடவே தொடாதீங்க. அதுக்காக பால் வராத செடி எல்லாம் தின்னலாம்னு நினைக்காதீங்க. தெரிஞ்சவங்க காட்டினால்தான் பறிக்கணும். எங்க வீட்டிலேயே நடந்தது. என் தம்பி மகன் வேலி வெட்டும்போது திருகுக்கள்ளிப் பால் கண்ணுல பட்டுடுச்சு. யாரோ சொன்னாங்கன்னு நாங்க விளக்கெண்ணெய் விட்டோம். ராத்திரி பூரா துடிச்சான். மறுநாள் கண் டாக்டர் திட்டின திட்டு இன்னும் காதுல இருக்கு. பால் பட்டா உடனே சுத்தமான தண்ணியில கால் மணி நேரத்துக்குக் குறையாம கண்ணைக் கழுவி, நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும். வேறெதுவும் விடக் கூடாது.

பிரண்டை எல்லாருக்கும் தெரியும். ஆனா நாக்கு அரிக்குதுன்னு பலபேர் விட்டுட்டாங்க. அதுல ஊசி மாதிரி நுண்ணிய உப்புக் கற்கள் இருக்கு, அதான் அரிப்பு. கையில நல்லெண்ணெய் தடவிக்கிட்டு இளங்கொழுந்தா எடுத்து, கணுவை நீக்கி, நாரை உரிச்சு, எண்ணெயில நல்லா வதக்கணும். புளியும் உளுந்தும் சேர்த்து அரைச்சா அரிக்காது. கர்ப்பமா இருக்கிறவங்க மட்டும் தவிர்க்கிறது நல்லது.

கேழ்வரகுக் கொல்லையில களைன்னு பிடுங்கிப் போடுறோமே பருப்புக்கீரை, அதுவும் சதைப்பற்றுச் செடிதான். மீன்ல இருக்கிற ஒமேகா-3 வகைக் கொழுப்பு இந்தக் கீரையிலயும் உண்டு. துவரம்பருப்போட கடைஞ்சா களிக்கு அருமை. சிறுநீரகக் கல் உள்ளவங்க மட்டும் வேண்டாம். மருந்து அடிச்ச கொல்லையில யாரும் பறிக்காதீங்க.

கள்ளிமுளையானை வேரோட பிடுங்கி மூட்டை கட்டாதீங்க. நுனியை மட்டும் கிள்ளினா மழைக்கு மறுபடி துளிர்க்கும். கரட்டுல முன்ன மாதிரி கிடைக்கிறதில்லை.

ஒரு பை நிறைய பிரண்டைக் குச்சி கொண்டு வந்திருக்கேன். போகும்போது ஆளுக்கு ரெண்டு கணு எடுத்துக்கிட்டுப் போய் வேலியில ஊனி விடுங்க.