பூட்டு இருந்தது, சாவியும் அதே பெட்டியில் இருந்தது

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





நம் ஊரில் துப்பாக்கி இருக்கும் வீடு அபூர்வம். அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே பிள்ளைகுட்டிகளோடு வாழும் நம் உறவினர்களுக்காகவும், இங்கே இருக்கும் நமக்காகவும் ஒரு தாய் தந்தையின் அனுபவத்தைச் சொல்கிறோம்.

2018 ஜனவரி 31. கனெக்டிகட் மாநிலம், கில்ஃபோர்ட். 15 வயது ஈதன் சாங் நண்பன் வீட்டில் இருந்தான். அந்த வீட்டுப் படுக்கையறை அலமாரியில் ஒரு பெட்டிக்குள் துப்பாக்கிகள் இருந்தன. அவற்றுக்குப் பூட்டும் போட்டிருந்தது. ஆனால் சாவியும் தோட்டாவும் அதே பெட்டியில்! குண்டு பாய்ந்து ஈதன் இறந்துபோனான்.

தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாக வைத்தால்தான் குற்றம் என்று அப்போதைய சட்டம் சொன்னது. பெற்றோர் மைக்கும் கிறிஸ்டினும் வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. மகனை இழந்த வேதனையோடு சட்டமன்றம் வரை போய்ப் பேசினார்கள். துப்பாக்கியே கூடாது என்று அவர்கள் கேட்கவில்லை. பத்திரமாகப் பூட்டி வையுங்கள் என்றுதான் கேட்டார்கள். இரு கட்சியினரும் ஆதரித்தார்கள். 2019இல் ஈதன் பெயராலேயே சட்டம் வந்தது. தோட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும், 18 வயதுக்குக் குறைந்தவர் கைக்கு எட்டாதபடி துப்பாக்கியைப் பூட்டி வைப்பது அங்கே கட்டாயமானது.

நமக்கு இது புதிய பாடமல்ல. உறையில்லாத வாளை ஒருவர் கையில் கொடுப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பள்ளிவாசலுக்குள் அம்புகளோடு வந்தவரிடம், அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் யாரையும் காயப்படுத்த வரவில்லை. நல்ல எண்ணம் மட்டும் போதாது, கையும் கவனமாக இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

வெளிநாட்டில் இருக்கும் உங்கள் மக்களிடம் சொல்லுங்கள்: பிள்ளையை இன்னொரு வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன், "உங்கள் வீட்டில் துப்பாக்கி உண்டா? பூட்டியிருக்கிறதா?" என்று கேட்கட்டும். கேட்பதில் வெட்கமில்லை. நீச்சல் குளம் உண்டா, கடிக்கும் நாய் உண்டா என்று கேட்பதைப் போலத்தான் இதுவும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த ஆசிட், அடுப்படி மூலையில் எலி மருந்து, தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்து, ராதிம்மாவின் தலையணைக்கு அடியில் சர்க்கரை மாத்திரை. "பிள்ளைக்கு அது இருக்கும் இடம் தெரியாது" என்கிறோம். மிட்டாய் டப்பா எங்கே என்று தெரிந்த பிள்ளைக்கு இது மட்டும் தெரியாதா? விவரம் தெரியாத பிஞ்சுக்கு மட்டுமல்ல, மனமுடைந்து நிற்கும் வாலிபப் பிள்ளைக்கும் பூட்டு ஒரு காவல். அந்தச் சில நிமிடத் தாமதம் ஓர் உயிரைக் காக்கலாம்.

ஆகவே இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். ஆபத்தானவற்றை எல்லாம் ஒரே இடத்தில் வைத்துப் பூட்டுங்கள். சாவியை வேறிடத்தில் வையுங்கள். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. பிள்ளையை இழந்து தவிக்கும் எல்லாப் பெற்றோருக்கும் ஆறுதல் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.