கடல் கடக்கும் பிள்ளைக்கு

திருவனந்தபுரத்திலிருந்து வான்வழியே சென்னை ஏறக்குறைய 600 கிலோமீட்டர். மாலத்தீவின் தலைநகரான மாலேயும் அவ்வளவே. சென்னைக்குத் தனியே சென்று வரும் 17 வயதுப் பிள்ளை, விடுமுறையில் தோழர்களுடன் மாலேக்குப் போக விழைந்தால் நாம் ஏன் கலங்குகிறோம்? தொலைவினால் அன்று, இடையே ஒரு நாட்டின் எல்லை இருப்பதனால். ஆகவே அவ்வெல்லையின் சட்டங்களை உணர்த்துவதே நம் முதற் கடமை.

18 வயது நிரம்பாதவர் பாஸ்போர்ட் பெறப் பெற்றோரின் இசைவு வேண்டும். அதில் பெயர் எவ்வாறுளதோ, விமானச் சீட்டிலும் அவ்வாறே இருத்தல் வேண்டும். தந்தை பெயரை முதலெழுத்தாக மட்டும் எழுதும் நம்மவர் இடர்ப்படுவது இங்கேதான்.

வழித்துணையாகத் தாய் பெட்டியில் வைக்கும் சிறு பிள்ளையார் உருவம் அன்பின் அடையாளம். ஆயினும், வழிபாட்டு உருவங்களை மாலத்தீவுக்குள் கொண்டுசெல்லத் தடையுண்டு, மதுவுக்கும் அவ்வாறே. திரும்புகையில் பவளப்பாறைத் துண்டை எடுத்து வருவதும் குற்றம். பிறர் தரும் பொட்டலத்தைத் தோழமைக்காகவும் சுமத்தலாகாது.

இனி, யாவற்றினும் முக்கியமானது ஒன்று. இடர் நேர்ந்தால் பிள்ளை முதலில் யாரை அழைக்கும்? ஏச்சுக்கு அஞ்சும் பிள்ளை வீட்டை அழையாது. "எந்நேரமும் அழைக்கலாம், உதவி முதலில், விசாரணை பின்னர்" என்று புறப்படுமுன்பே வாக்களிப்போம், அவ்வாக்கைக் காப்போம். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம்மையும் இத்தகைய நம்பிக்கையோடுதானே பெற்றோர் வழியனுப்பினர்?